பைபிள் ஊர்களை அடையாளம் காண்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியாயாதிபதிகள் 21-ஆம் அதிகாரத்தின் 19-ஆம் வசனம் கொஞ்சம் விசித்திரமானது. சீலோ எங்கே இருக்கிறது என்று அது வழி சொல்கிறது. பெத்தேலுக்கு வடக்கே, பெத்தேலிலிருந்து சீகேமுக்குப் போகும் பாதைக்குக் கிழக்கே, லிபோனாவுக்குத் தெற்கே. சீலோ சாதாரண ஊரா என்ன? உடன்படிக்கைப் பெட்டி இருந்த இடம், சாமுவேல் வளர்ந்த இடம். அதற்குப் போய் யாராவது வழி சொல்வார்களா? இதை எழுதியவர் காலத்தில் சீலோ பாழாகி, வாசகர்களுக்கு இடமே மறந்துபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கு அது நல்லதாகப் போயிற்று.

1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபு நன்றாகப் பேசத் தெரிந்த எலி ஸ்மித்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாலஸ்தீனம் முழுக்கச் சுற்றினார். பெத்தேலுக்கு வடக்கே, நாப்லுஸ் (பழைய சீகேம்) சாலைக்குக் கிழக்கே ஒரு பாழிடம் இருந்தது. அதற்கு அங்கிருந்தவர்கள் சொன்ன பெயர் செய்லூன். கொஞ்சம் வடமேற்கே லுப்பான் என்ற கிராமம், அதாவது லிபோனா. வசனம் சொன்ன மூன்று அடையாளங்களும் பொருந்திவிட்டன. செய்லூனில் கடைசியில் ஒரு 'ன்' வருகிறதே என்று கேட்கலாம். 1 இராஜாக்கள் 11:29-இல் அகியா தீர்க்கதரிசியை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள்: சீலோனியன். அந்த 'ன்' பழைய பெயரிலேயே இருந்ததுதான். பிற்பாடு நடந்த அகழாய்வுகளில் நியாயாதிபதிகள் காலத்துக் குடியிருப்பும், அது எரிந்துபோன தடமும் கிடைத்தன.

வேலையின் முழு முறையும் இந்த ஒரு உதாரணத்தில் இருக்கிறது. வசனம் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், ஊர்ப்பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும், மண்ணுக்கடியில் அந்தக் காலத்துப் பொருள் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அடையாளம் உறுதி. பெயர் மட்டும் பொருந்தினால் அது வெறும் துப்பு. இணையத்தில் சுற்றும் பைபிள் வரைபடங்களில் பாதிச் சண்டை பெயரை மட்டும் நம்பியதால் வருவது.

முதலில் வசனங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு பக்கம். பைபிள் ஆப்பில் அந்த ஊர் வரும் எல்லா வசனங்களையும் தேடி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்து ஊர் எது, திசை என்ன, மலையா சமவெளியா என்று மட்டும் கேளுங்கள். கதையில் மூழ்கிவிட வேண்டாம், அது அப்புறம்.

யோசுவா 15-ஆம் அதிகாரத்தின் நீளமான ஊர்ப்பட்டியலை எல்லோரும் தாண்டிக் குதித்துப் போய்விடுவோம். ஆனால் இந்த வேலைக்கு அதுதான் தங்கச் சுரங்கம். யூதாவின் ஊர்களை அது தாழ்வான நாடு, மலைநாடு, வனாந்தரம் என்று பிரித்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களைக் கொத்துக் கொத்தாகத் தருகிறது. ஒரு கொத்தில் இரண்டு ஊர் தெரிந்துவிட்டால் மூன்றாவதைத் தேட வேண்டிய வட்டம் சுருங்கிவிடும்.

ஏசாயா 10:28-32 இன்னும் சுவாரசியம். எதிரிப் படை ஒன்று எருசலேமை நோக்கி இறங்கி வருவதை அது பாட்டாகச் சொல்கிறது: மிக்மாஸ், கணவாய், கேபா, ராமா, கிபியா, ஆனதோத், நோப். பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வது மாதிரி. கூகுள் எர்த்தைத் திறந்து எருசலேமுக்கு வடக்கே பாருங்கள். முக்மாஸ், ஜபா, அர்-ராம், அனாத்தா என்ற கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. முக்மாசுக்கும் ஜபாவுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று ஓடுவதும் படத்தில் தெரியும். ஏசாயாவின் கணவாய் அதுதான். யோனத்தானும் அவன் ஆயுததாரியும் கையாலும் காலாலும் தொற்றி ஏறியதும் அங்கேதான் (1 சாமுவேல் 14). முதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல பகுதி இல்லை. அரை மணி நேரத்தில் நாலு ஊர் கிடைத்துவிடும், உற்சாகமும் வந்துவிடும்.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்

தமிழ் பைபிளை வைத்துத் தேடுபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. எபிரெயத்தில் தொண்டையிலிருந்து வரும் 'அயின்', 'ஹேத்' என்ற எழுத்துகள் தமிழில் காணாமல் போய்விடுகின்றன. நாம் எபிரோன் என்பது அங்கே ஹெவ்ரோன். நாம் காசா என்பது எபிரெயத்தில் அஸ்ஸா, அரபில் கஸ்ஸா. ஆத்சோர் என்று நாம் படிப்பது ஹாத்சோர். போதாததற்கு, காத் என்றால் முதலெழுத்தை எப்படி ஒலிப்பது என்று தமிழில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு எழுத்தும் மாறும்: பெத்லெகேம், பெத்லகேம், கிபியோன், கிபயோன். ஆகவே நோட்டில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் எபிரெய ஒலியையும் எழுதி வையுங்கள். எபிரெயம் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒலியைத் தரும் இணைய அகராதிகள் நிறைய இருக்கின்றன.

பெயர் என்ன சொல்கிறது?

பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் பாதி ஊர்ப்பெயர்கள் தாமாகவே பிரிந்துகொள்ளும். பெத் என்றால் வீடு: பெத்தேல் தேவனுடைய வீடு, பெத்சாயிதா மீன்பிடிப்பின் வீடு, பெத்ஷிமேஸ் சூரியனின் வீடு. 'பெயெர்' என்றால் கிணறு, 'ஏன்' என்ற சொல்லுக்கு ஊற்று என்று பொருள். எங்கேதி 'ஆட்டுக்குட்டியின் ஊற்று'. சவக்கடல் ஓரம் அந்தப் பாறைகளில் இன்றும் வரையாடுகள் ஏறித் திரிகின்றன, பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். கீரியாத் என்றால் ஊர், கீரியாத்யாரீம் காடுகளின் ஊர். கப்பர் என்றால் கிராமம், கப்பர்நகூம் நாகூமின் கிராமம். காத் என்றால் ஆலை, திராட்சையையோ ஒலிவத்தையோ பிழியும் தொட்டி. கெத்செமனேயின் தொடக்கத்தில் இருப்பதும் அதே சொல்தான், அங்கே பொருள் எண்ணெய் ஆலை.

அப்புறம் உயரத்தைக் குறிக்கும் பெயர்கள். கேபா, கிபியா, கிபியோன் மூன்றுமே 'குன்று' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை, மூன்றும் எருசலேமுக்கு வடக்கே பென்யமீன் நாட்டில் அருகருகே இருந்தவை. ராமா என்றால் மேடு, மிஸ்பா என்றால் காவல் பார்க்கும் இடம். மலைநாட்டில் இப்படிப்பட்ட பெயர் எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் இருக்கும். எனவே பொருள் பொதுவானதாக இருந்தால் உஷாராகிவிடுங்கள், அதே பெயரில் இன்னொரு ஊர் நிச்சயம் இருக்கும். எனக்கே இது நடந்தது. நியாயாதிபதியான இப்சானின் பெத்லெகேமை யோசிக்காமல் தாவீதின் ஊரோடு சேர்த்து நோட்டில் எழுதிவிட்டேன். யோசுவா 19:15-ஐப் படித்தபோதுதான் செபுலோன் நாட்டில், கலிலேயாப் பக்கம், இன்னொரு பெத்லெகேம் இருப்பது கண்ணில் பட்டது. இப்சான் அந்த ஊர்க்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று பலர் கருதுகிறார்கள்.

பைபிளே ஒரு பெயருக்குக் காரணம் சொன்னால், அதைத் தனியாக எழுதுங்கள். கதை தரும் பொருளும் மொழியியல் தரும் பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாபேலுக்கு ஆதியாகமம் 11 'தாறுமாறாக்குதல்' என்ற பொருளைத் தருகிறது. பாபிலோனியர்கள் தங்கள் ஊர்ப்பெயரைத் 'தெய்வத்தின் வாசல்' என்று புரிந்துகொண்டார்கள். பெயெர்செபாவுக்கு ஆதியாகமத்திலேயே ஏழு ஆட்டுக்குட்டிகளும் வருகின்றன, ஆணையும் வருகிறது, ஏனென்றால் எபிரெயத்தில் ஏழுக்கும் ஆணைக்கும் வேரெழுத்துகள் ஒன்றுதான். எருசலேமுக்கு 'சமாதான நகரம்' என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். ஆனால் எகிப்தில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் அமர்னா கடிதங்களிலேயே அது உருசலிம். சாலேம் என்ற தெய்வத்தின் பெயரால் நிறுவப்பட்ட இடம் என்பதுதான் இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். பிரசங்கம் தப்பு என்று சொல்ல வரவில்லை, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

பெத்லெகேமின் கதை எனக்குப் பிடித்தது. எபிரெயத்தில் அது அப்பத்தின் வீடு. அரபுப் பெயர் பெய்த் லஹ்ம், அரபு பேசுபவர் காதில் அது இறைச்சியின் வீடு. இரண்டு மொழிக்கும் வேர் ஒன்று, உணவு என்பதுதான் அடிப்படைப் பொருள். ஒருவர் தட்டில் அப்பமானது இன்னொருவர் தட்டில் கறியாகிவிட்டது.

அரபுப் பெயரைத் தேடுவது

பழைய பெயர்களைக் காப்பாற்றித் தந்தவர்கள் அங்கே வாழ்ந்த கிராமத்து மக்கள். எபிரெயமும் அரபும் உறவு மொழிகள் என்பதால் ஒலி பெரிதாகச் சிதையவில்லை. சில மாற்றங்கள் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் உள்ள 'ஏல்' பல இடங்களில் 'ஈன்' ஆகும்: பெத்தேல் பெய்தீன் ஆனது, யெஸ்ரயேல் ஸெர்ஈன் ஆனது. கிபியோன் தேய்ந்து எல்-ஜீப் ஆனது. எங்கேதி அப்படியே அயின் ஜிதி.

சில இடங்களில் பெயர் ஒலியாகப் பிழைக்காமல் பொருளாகப் பிழைத்திருக்கிறது. இஸ்ரவேலின் வட எல்லையில் இருந்த தாண் ஊரின் மேட்டுக்கு அரபுப் பெயர் தெல் எல்-காதி. காதி என்றால் நீதிபதி. 'தாண் தன் ஜனத்தை நியாயம் விசாரிப்பான்' என்று ஆதியாகமம் 49:16 சொல்வதைச் சேர்த்துப் படியுங்கள், அதே பொருள்! 1976-இல் அங்கே 'தாணில் இருக்கும் தெய்வத்துக்கு' என்று கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்த கல் கிடைத்தது. அதோடு விவாதம் முடிந்தது.

பழைய அரபுப் பெயர்களைப் பார்க்க, பாலஸ்தீன ஆய்வு நிதியத்தின் நிலஅளவை வரைபடங்களைத் தேடுங்கள். 1871 முதல் 1877 வரை காண்டரும் கிச்சனரும் அலைந்து திரிந்து தயாரித்த 26 தாள்கள், மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெல் என்றால் ஊர் மேடு, கிர்பெத் என்றால் பாழிடம், அயின் என்றால் ஊற்று, பீர் என்றால் கிணறு, வாதி என்றால் மழைக்கால ஓடை. இந்த ஐந்தும் போதும்.

இப்போது பொறிகள். ஊர் இடம்பெயர்ந்தால் பெயரும் கூடவே போகும். பெலிஸ்தரின் எக்ரோனுக்கு ராபின்சன் ஆகிர் என்ற கிராமத்தைக் காட்டினார், பெயர் அழகாகப் பொருந்தியது. ஆனால் உண்மையான எக்ரோன் அங்கிருந்து கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் தள்ளி, தெல் மிக்னே என்ற மேட்டில் இருந்தது. 1996-இல் அங்கே ஒரு கோயில் இடிபாட்டில் கல்வெட்டு கிடைத்தது. பாதி என்பவனின் மகனான எக்ரோன் ஆட்சியாளன் கட்டிய கோயில் என்று அது தானே சொல்கிறது. அசீரிய அரசன் சனகெரிபின் குறிப்புகளில் வரும் எக்ரோன் அரசன் பாதியும் இந்தத் தந்தைதான். சிலவேளை பழைய பெயரை ஒரு புதிய பெயர் விழுங்கிவிடும்: எபிரோனின் அரபுப் பெயர் எல்-கலீல், நண்பர், அதாவது தேவனுடைய நண்பரான ஆபிரகாம்.

இன்றைய இஸ்ரேலிய நகரப் பெயர்களை ஆதாரமாக எடுக்கவே கூடாது. கிரியாத் காத் என்ற நகரம் இருக்கிறது. பக்கத்து மேடுதான் கோலியாத்தின் காத் என்று அப்போது நினைத்து வைத்த பெயர். அந்த மேடு காத் அல்ல. காத் என்று இன்று பெரும்பாலானோர் ஏற்பது வேறிடத்தில் உள்ள தெல் எஸ்-ஸாஃபியை. பெயர்ப் பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

தூரம் பார்ப்பது

4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் பிஷப் எவுசேபியுஸ் பைபிள் ஊர்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். பல ஊர்களுக்கு ரோமச் சாலையின் மைல்கல் கணக்கில் தூரம் சொல்கிறார். ரோம மைல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். சாலை வளைவுகளையும் கணக்கில் வைத்து அளந்து பாருங்கள். அவரும் சில இடங்களில் சறுக்கியிருக்கிறார், ஆனால் ரோமச் சாலைகள் நடப்பில் இருந்த காலத்துக்காரர். யோர்தானில் மதபா தேவாலயத்தின் தரையில் உள்ள 6-ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியில் மண்

ராபின்சன் மெகிதோவைத் தேடியபோது தெல் எல்-முதசெல்லிம் என்ற மேட்டின் மேலேயே நின்றார். ஒரு நகரத்துக்கு அருமையான இடம், ஆனால் நகரம் இருந்த சுவடே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் காலடியில்தான் மெகிதோ இருந்தது, அடுக்கடுக்காக. மண் செங்கல் வீடுகள் இடிய, அதன் மேலேயே மறுபடி கட்ட, நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்த குப்பைக் குன்றுதான் 'தெல்' என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1890-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தெல் எல்-ஹெசியைத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கின் பானை ஓட்டையும் வைத்து அதன் காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த இடத்தை லாகீஸ் என்று நினைத்தார். முறை சரி, ஊர் தப்பு. லாகீஸ் அங்கிருந்து கிழக்கே தெல் எத்-துவெய்ரில் இருந்தது. 1935-இல் அங்கே பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில், லாகீசின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. யூதாவில் எஞ்சிய அரணான நகரங்களாக இந்த இரண்டையும் சொல்லும் எரேமியா 34:7-ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

நாம் தோண்டப் போவதில்லை. அகழாய்வு அறிக்கையில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: பைபிள் சொல்லும் காலத்தில் அங்கே ஆள் குடியிருந்தார்களா? ஆயி ஊரில் இந்தக் கேள்விதான் இடிக்கிறது. ஆயி என்றால் பாழ்மேடு, அதற்குக் காட்டப்படும் எத்-தெல்லுக்கும் அரபில் மேடு என்றே பொருள், பெத்தேலுக்குக் கிழக்கே என்பதும் பொருந்துகிறது. ஆனால் கி.மு. 2400 வாக்கில் அழிந்த அந்த நகரம் கி.மு. 1200 வரை காலியாகக் கிடந்தது. யோசுவா யாரோடு சண்டை போட்டார்? பக்கத்திலேயே வேறு மேட்டைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள், கதையை வேறு விதமாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். நோட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஊரே தன் பெயரைச் சொல்லிவிட்டால் வாதமே இல்லை. எல்-ஜீப்பில் 1956 முதல் தோண்டிய ஜேம்ஸ் பிரிட்சார்டுக்குக் கிபியோன் என்று பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் 31 கிடைத்தன. பாறையைக் குடைந்த பெரிய குளமும் கிடைத்தது, 79 படிகளோடு. கேசேரின் கதை இன்னும் மேல். 15-ஆம் நூற்றாண்டு அரபு வரலாறு ஒன்றில், ஒரு சிறு சண்டையைப் பற்றிய குறிப்பில் தெல் எல்-ஜஸர் என்ற பெயரைக் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் கவனித்தார். அதை வைத்தே 1871-இல் கேசேர் இதுதான் என்றார். மூன்று வருடம் கழித்து அங்கே பாறையில் 'கேசேரின் எல்லை' என்று எபிரெயத்தில் செதுக்கியிருப்பதை அவரே கண்டுபிடித்தார். நூலகத்தில் தொடங்கிய தேடல் பாறையில் போய் முடிந்தது.

எங்கே தொடங்குவது?

ஆனதோத், மிக்மாஸ், கேபா. பிறகு சீலோ, எங்கேதி. அதன் பிறகு லாகீஸ், எக்ரோன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உறுதி, இருக்கலாம், சர்ச்சை என்ற மூன்றில் ஒன்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மாற்ற வேண்டி வரும்.

எம்மாவுவை மட்டும் கடைசிக்கு வையுங்கள். எருசலேமிலிருந்து அதன் தூரத்தை நம் பழைய தமிழ் பைபிள் 'ஏழு அல்லது எட்டு மைல்' என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது 60 ஸ்தாதியம், சுமார் 11 கிலோமீட்டர். சில பழைய கையெழுத்துப் படிகளில் அது 160. பெயர் அச்சாகப் பொருந்தும் இம்வாஸ் எருசலேமிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். லூக்கா 24:33-ன்படி எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களும் அந்நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள். இருட்டில், மலையேற்றத்தில், 30 கிலோமீட்டர். முடியுமா முடியாதா என்று நீங்களே வரைபடத்தில் அளந்து பாருங்கள்.